டிப்ளமா இருந்தால் மூக்கைத் திருத்தலாமா?

‘எம்.பி.பி.எஸ்.ஸோடு காஸ்மெட்டாலஜி (அழகுப் பராமரிப்பு) டிப்ளமா இருந்தால் மூக்கு அறுவைக்குப் போதும், செலவும் பாதி’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. அந்த டிப்ளமா அறுவைப் பயிற்சிக்கு ஈடல்ல. இந்த அறுவையைச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் பொதுவாக எம்.எஸ். (பொது அறுவை) 3 ஆண்டு, அதற்கு மேல் எம்.சிஎச். (பிளாஸ்டிக் அறுவை) 3 ஆண்டு படித்தவர்கள். மூக்கு அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணர்களும் செய்கிறார்கள்.

மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்பை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால், மூக்குத்தண்டு குதிரைச் சேணம்போல் உள்வாங்கிவிடும், மூச்சும் அடைபடலாம். சரிசெய்ய, காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைக்க நேரும். பாதிச் செலவு அப்போது எங்கே போகும்?

மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணைய இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. அங்கே பெயரைத் தேடிப் பார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.