ஒரிஜினல் கம்ப்ரஸர் போட்டால் மட்டும் போதாது

“கார் ஏசி கம்ப்ரஸர் திரும்பத் திரும்பப் போனால் பார்ட் மட்டம், ஒரிஜினல் போட்டால் தீர்ந்தது” என்று ஒருவர் சொல்லியிருப்பதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். (கம்ப்ரஸர் என்பது ஏசி கேஸை அழுத்தி ஓடவிடும் பம்ப்.) மட்டமான பார்ட்டும் காரணமாகலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரிஜினலும் சில மாதத்தில் ஜாம் ஆகக்கூடும்.

பழைய கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்து உடைந்தபோது உதிர்ந்த உலோகத்தூள், ஆயிலோடு ஓடிப்போய், சூடான கேஸைக் குளிரவைக்கும் கண்டென்ஸரில் தங்கியிருக்கும். இப்போதைய கண்டென்ஸர்களின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. ஃப்ளஷ் செய்தாலும் (திரவம் விட்டுக் கழுவினாலும்) முழுதாக வெளியே வராது. அடைப்பால் பிரஷர் ஏறும், ஆயில் சரியாகத் திரும்பாது, புதுக் கம்ப்ரஸரும் காய்ந்து தேயும். அதனால்தான் கண்டென்ஸர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸ் ஓட்டத்தை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். செலவு அதிகம்தான், ஆனால் மூன்றாவது கம்ப்ரஸர் வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

நீங்களே பார்க்கலாம். மெக்கானிக் ஏசி கேஸை மெஷினில் வெளியே எடுத்தபின், கம்ப்ரஸரிலிருந்து கண்டென்ஸருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, அதன் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுத்த ஆயிலில் மினுமினுப்பான துகள் தெரிந்தால், தூள் கண்டென்ஸர்வரை போய்விட்டது என்று அர்த்தம்.