தேர்வு ஒன்றுதானே, சார்?

ஞாயிற்றுக்கிழமை சேலம் ஐந்து ரோடு மண்டபத்தில் நடந்ததை இந்நேரம் எல்லோரும் வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். "மூவாயிரம் ரூபாய்க்கு மொபைலில் படித்துவிட்டு வருகிறவர் ஓட்டும் விமானத்தில் நீங்கள் ஏறுவீர்களா?" என்று மேடையில் பேசிய சார் கேட்டார். பைலட் தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிறவர்களைத்தான் சொன்னார். அரங்கமே சிரித்தது. வீடியோவில் மூன்றாவது வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலை நான்தான். பக்கத்தில் என் மகள், எங்கள் பாப்பா. அவளும் அப்படி ஆன்லைனில் படிப்பவள்தான்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வு நடத்துவது டிஜிசிஏ, விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு. நேவிகேஷன் (வழி கணிப்பது), வானிலை, ஏர் ரெகுலேஷன் (பறக்கும் விதிகள்), டெக்னிகல் என்று எதை எழுதினாலும் 70 சதவீதம் வாங்கினால்தான் பாஸ். டெல்லி துவாரகாவில் ரூம் எடுத்துக் கோச்சிங் சென்டரில் படித்தவருக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மொபைலில் படித்தவருக்கும் தேர்வு ஒன்றுதான். எவ்வளவு ஃபீஸ் கட்டினாய் என்று அதில் ஒரு கேள்வி கிடையாது. அதில் பாஸானதும் சாவியைக் கையில் கொடுத்து ஓட்டு என்று யாரும் சொல்லப் போவதில்லை. அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மெடிக்கல் தேற வேண்டும். இது அந்த சாருக்குத் தெரியாதா? தெரியும். கைதட்டல் வேண்டுமே.

எங்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நேரில் போய் விசாரித்த இடத்தில் இரண்டரை லட்சம் கேட்டார்கள், தங்குவதும் சாப்பாடும் தனி. ஆன்லைனில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம், அதுவும் இரண்டு தவணை. (மூவாயிரம் இல்லை சார், கணக்கையாவது சரியாகச் சொல்லுங்கள்.) இரவு எட்டு மணிக்கு வகுப்பு. அதற்கு முன்னால் மெருகு போடும் மிஷினை நிறுத்திவிடுவேன், சத்தத்தில் அவளுக்குக் காது கேட்காது.

வானிலைப் பாடம் நடந்த சமயம், ஒரு தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறினாள். நானும் கூடப் போனேன். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும் என்பது பாடம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறக்குறைய நாலாயிரம் அடி, அப்படியானால் 8 டிகிரி. கீழே பஸ் ஸ்டாண்டு நிழலில் 36. இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஏரிக்கரையில் பார்த்தால் 27. அந்த ஒரு டிகிரி எங்கே போனது என்று இரண்டு நாள் குடைந்தாள். கடைசியில் வகுப்பெடுப்பவரிடமே கேட்டாள். அவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பாடம் ஒரு மாதிரிக் கணக்குத்தான், நிஜக் காற்று அதன்படியே நடக்காது என்று அரை மணி நேரம் விளக்கினார். மொபைலில்தான் சார். நீங்கள் மேடையில் கிண்டல் செய்த அதே மொபைல் வகுப்பில்.

நேரில் உட்கார்ந்து கேட்பது போல வருமா என்பீர்கள். வராது, ஒத்துக்கொள்கிறேன். நேவிகேஷனில் முதல் தடவை 64 வாங்கி ஃபெயில் ஆனாள். ஃப்ளைட் கம்ப்யூட்டர் என்கிற அந்த வட்டமான கணக்குத் தட்டைக் கையால் திருப்பித் திருப்பிக் காற்றின் கணக்குப் போடுவது கேமராவில் சரியாகத் தெரியவில்லை. அப்புறம் ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பதினோரு தடவை பார்த்தாள். ஒரு டிகிரி திசை தப்பினால் 60 கடல் மைலில் ஒரு கடல் மைல் விலகிவிடும் என்று இப்போது எனக்கே தெரியும், சோறு தின்னும்போதெல்லாம் கேட்டாயிற்று. இரண்டாம் தடவை 78. வகுப்பறையில் லட்சம் லட்சமாகக் கட்டிப் படித்தவர் யாரும் ஃபெயில் ஆனதே இல்லையா?

கேள்வி வங்கியை மனப்பாடம் செய்கிறார்கள் என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். எல்லா இடத்திலும் செய்கிறார்கள். அடுத்தது.

"பறக்கும் பயிற்சிக்கு எப்படியும் அரைக் கோடியை ஒட்டிச் செலவாகும், இதில் இரண்டு லட்சத்தை மிச்சம் பிடித்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்ட நண்பருக்கு: அரைக் கோடிக்கு வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கப் போகிறோம். அந்த இரண்டு லட்சத்துக்கு வைக்க எங்களிடம் வேறு பத்திரம் இல்லை. உங்களுக்கு அது சில்லறை. எங்களுக்கு அது பட்டறை ஆட்களின் தீபாவளி போனஸ்.

எங்கள் சேலத்துக்குக் காமலாபுரத்தில் ஏர்போர்ட் வந்தது 1993-ல். விமானம் வரும், நின்றுபோகும், மறுபடி வரும். 2018-ல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விட்டார்கள், 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு, பாப்பாவைத் தோளில் உட்கார வைத்து, காலியான ரன்வேயை வேடிக்கை பார்த்தவன் நான். ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் போகலாம் என்று சொல்லித்தான் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். போகலாம், ஓட்டத்தான் கூடாது போலிருக்கிறது.

நான் எந்தக் கோச்சிங் சென்டருக்கும் எதிரி இல்லை. வசதி இருப்பவர்கள் தாராளமாகப் போகட்டும். மேடையில் நின்று சிரிக்க வைக்க எங்கள் பிள்ளைகள்தான் கிடைத்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

அடுத்து அவளுக்கு ஆர்டிஆர், ரேடியோவில் பேசும் தேர்வு. அதற்காக என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் போகும் வண்டி நம்பரையெல்லாம் ரேடியோ பாணியில் படித்துக்கொண்டே வருவாள். TN 30 என்றால், "டேங்கோ நவம்பர் ட்ரீ ஜீரோ..." ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோட்டில் இருந்து வீடு வரை ஒரு நம்பர்கூடப் படிக்கவில்லை. நான் சிக்னலில் ஒன்றைக் காட்டி, "இது என்ன பாப்பா?" என்றேன். "பார்த்து ஓட்டுங்கப்பா" என்றாள்.

அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டுக் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையும் வைத்த சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இன்றைக்கும் எட்டு மணிக்கு வகுப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு போன் போடாதீர்கள்.