கண் இமைத்தவனுக்கே மாலை

பேன்டஸி நாவல் படிப்பவர்களிடம் திரும்பத் திரும்ப ஒரு புகாரைக் கேட்கிறேன். “டிராகன் பறக்குது, ராஜ்ஜியம் கவிழுது, இதுக்கு நடுவுல இவங்க காதல் எதுக்கு? அந்தப் பக்கமெல்லாம் தள்ளிட்டுப் போயிடுவேன்.” நான் நேர் எதிர்க் கட்சி. போர்க்கள வியூகங்களை வேண்டுமானால் மேலோட்டமாகப் படிப்பேன். அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் புத்தகத்தை மூட மாட்டேன். மாய உலகத்துக் காதலில் வேறெந்த வகைக் கதையிலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கதை முடிவுகளையும் சொல்லித்தான் பேசப் போகிறேன், இன்னும் படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் காதல் கதையில் குறுக்கே நிற்பது என்ன? வீட்டு எதிர்ப்பு, பணம், தூரம், ஒரு தப்பான புரிதல். எல்லாமே என்றைக்காவது தீரக்கூடியவை. அப்பா மனம் மாறலாம். வேலை கிடைக்கலாம். உட்கார்ந்து பேசினால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். பேன்டஸியில் குறுக்கே நிற்பது அந்த உலகத்தின் விதி. சாகாத வரம் பெற்றவள் ஒருத்தி, சாகப் போகிறவனை விரும்பினால் யார் காலில் விழுந்து சம்மதம் வாங்குவது? இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். அந்த உலகம் தரக்கூடிய ஆகப்பெரிய வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது வேண்டாம், இவன் போதும்’ என்று அவள் சொல்லும் இடம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் படிக்கிறேன்.

நமக்கு இது புதிதும் இல்லை. நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரத்தை நினைத்துப் பாருங்கள். இந்திரன், அக்கினி, யமன், வருணன் நான்கு பேரும் நளனுடைய உருவத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மண்டபத்தில் ஐந்து நளன்கள். அழகில் வித்தியாசம் இல்லை, உடையில் வித்தியாசம் இல்லை. அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? ஒருவனுக்குத்தான் கண் இமைக்கிறது. ஒருவனுடைய பாதம்தான் தரையில் படுகிறது. ஒருவன் போட்டிருக்கும் மாலைதான் வாடுகிறது. மூன்றையும் ஒரே வெண்பாவில் அடக்கிவிட்டார் புகழேந்தி.

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். தேவர்களிடம் இல்லாத குறைகளைத்தான் அவள் தேடுகிறாள். களைப்பு, பாரம், வாட்டம். அவளுக்கு அடையாளம் காட்டிக் கொடுப்பது அவனுடைய சாவுதான் என்றுகூடச் சொல்லலாம். ஒரு மாலை எடுத்து இன்னொருவர் கழுத்தில் போட்டிருந்தால் அவள் தேவலோகத்துக்கே போயிருப்பாள். தெரிந்தேதான் வாடுகிற மாலைக்காரனிடம் போகிறாள். மாயம் இல்லாத கதையில் இந்தக் காட்சியை எழுதவே முடியாது. ஐந்து பேரில் நான்கு பேர் தேவர்களாக இருந்தால்தானே ஐந்தாவது ஆள் மனிதனாக இருப்பதற்கு ஒரு மதிப்பு வருகிறது!

டோல்கீனும் வாழ்நாள் முழுக்க இதே இடத்தைத்தான் சுற்றிவந்தார். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் காதல் குறைவு என்பார்கள். சாகாத எல்ஃப் இனத்தில் பிறந்த ஆர்வென், மனிதனான அரகோர்ன் இருவரின் கதையை மூன்றாம் பாகத்தின் கடைசியில் பின்னிணைப்பில் வைத்துவிட்டார், நிறைய பேர் அதுவரை போவதே இல்லை. போய்ப் படியுங்கள். அவர்கள் சேர்வதோடு அது முடியவில்லை. 120 வருஷம் அரசனாக இருந்துவிட்டு, தளர்ந்து விழுவதற்கு முன் தானாகவே உயிரை விட முடிவு செய்கிறான் அரகோர்ன். சாவு மனிதர்களுக்கு எவ்வளவு கசப்பானது என்பது ஆர்வெனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவனுக்காகச் சாகா வரத்தை விட்டபோது அவள் சாவை ஏற்றுக்கொண்டிருந்தாள், அனுபவித்ததில்லை. அவன் போன பிறகு, தன் இனத்தார் விட்டுப்போன காட்டுக்குத் தனியாகப் போய் அங்கேயே உயிர் விடுகிறாள். கல்யாணத்தோடு திரை விழும் கதைகள் இந்த நேர்மைக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

இதற்கும் முந்தைய லூத்தியன், பெரன் கதை அவருக்கு இன்னும் நெருக்கமானது. அதில் லூத்தியனும் சாகா வரத்தை விட்டுவிட்டு, மனிதனான பெரனோடு வாழ்ந்து சாவதைத் தேர்ந்தெடுக்கிறாள். டோல்கீனின் மனைவி ஈடித் 1971இல் இறந்தார், அவர் 1973இல். ஆக்ஸ்ஃபோர்டில் இருவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். கல்லில் மனைவியின் பெயருக்குக் கீழே லூத்தியன் என்றும், அவர் பெயருக்குக் கீழே பெரன் என்றும் பொறித்திருக்கிறது. பேன்டஸிக் காதலைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கல்லைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இப்போது ரொமான்டசிக்கு, அதாவது காதலையே மையமாக வைத்த பேன்டஸிக்கு, வருகிறேன். அதன் மேல் எனக்கு எந்த இளக்காரமும் கிடையாது. எதிரிகள் காதலர்கள் ஆவது, நானூறு பக்கம் இழுத்தடித்து மெல்ல மெல்ல மலரும் ‘ஸ்லோ பர்ன்’ காதல், எல்லாமே ஆசையாகப் படிப்பேன். 2023இல் வந்த ‘ஃபோர்த் விங்’ நாவலில் நாயகனின் அப்பா கலகத்துக்குத் தலைமை தாங்கியவர், நாயகியின் அம்மா அரசுப் படையின் தளபதி. ஆனால் இருவருடைய டிராகன்களும் ஜோடி. ரொம்ப நாள் பிரிந்திருக்க அவற்றால் ஆகாது. அதனால் அவற்றின் மேல் ஏறிப் பறக்கும் இவர்களும் ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாது. கெட்டிக்காரத்தனமான விதி. மனம் ஒப்பாத இரண்டு பேரை அருகருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறது. அதற்கு மேல் நடப்பது அவர்கள் பாடு.

எனக்குச் சலிப்பது விதியே காதலையும் செய்து கொடுத்துவிடும் கதைகள். பிறவியிலேயே இவனுக்கு இவள் என்று ஒரு மாயப் பிணைப்பு. பார்த்த மாத்திரத்தில் நெஞ்சில் ஏதோ இழுக்கிறது. அப்புறம் என்ன இருக்கிறது? அவன் அவளைப் புரிந்துகொள்ள மெனக்கெட வேண்டியதில்லை. அவள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதிலும் அவன் ஐந்நூறு வயதுக்காரன், அவளுக்கு இருபதுகூட ஆகவில்லை என்றால், அந்த ஐந்நூறு வருஷம் அவனுக்குள் என்ன செய்தது என்பதையாவது எழுத வேண்டாமா? பல நாவல்களில் அது வெறும் ஒரு எண்ணாக நின்றுவிடுகிறது. தமயந்தி ஒரு பிணைப்பு இழுத்ததால் போய் மாலை போட்டிருந்தால் அந்தச் சுயம்வரம் யாருக்கு நினைவிருக்கும்? அவள் நின்று, பார்த்து, யோசித்துக் கண்டுபிடித்தாள்.

காதல் என்றில்லை, நட்புக்கும் இதுதான் பொருந்தும். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் ஃப்ரோடோ அழிக்கச் சுமந்து போகும் மாய மோதிரம் கொஞ்ச நேரம் அவனுடைய தோட்டக்காரன் சாம் கையில் இருக்கிறது. அது அவனுக்கும் ஆசை காட்டுகிறது: நீ மாவீரன் ஆவாய், இந்தப் பாழ் நிலமெல்லாம் உன் சொல்லுக்குத் தோட்டமாகும் என்று. தோட்டக்காரனுக்கு இதைவிடப் பெரிய ஆசை வார்த்தை உண்டா? ஃப்ரோடோ மேல் வைத்திருக்கும் பிரியம்தான் அவனை முக்கியமாகத் தடுத்து நிறுத்துகிறது. பிறகு ஃப்ரோடோவைத் தேடிப்போய் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, அவனால் நடக்க முடியாதபோது முதுகில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறான்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த ஜோடி டெனாரும் கெட்டும். உர்சுலா லெ குவின் 1971இல் எழுதிய நாவலில் டெனார் இருட்டுக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறு பெண். கெட் அங்கே மாட்டிக்கொண்ட இளம் மந்திரவாதி. பிடுங்கப்பட்ட அவளுடைய சொந்தப் பெயரை அவன் திருப்பிக் கொடுக்கிறான், இருவரும் தப்புகிறார்கள், பிரிகிறார்கள். அந்த உலகத்து மந்திரவாதிகளுக்குப் பெண் துணை கிடையாது. மந்திரத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. பத்தொன்பது வருஷம் கழித்து, 1990இல், இவர்கள் கதையைத் தொடரும் ‘டெஹானு’ நாவல் வருகிறது. டெனார் இப்போது நடுவயது விதவை, தீக்காயம் பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். உலகத்தைக் காப்பாற்றப் போன இடத்தில் மந்திரத்தை முழுதாக இழந்துவிட்ட கெட், டிராகன் முதுகில் உயிர் போகும் நிலையில் வந்து சேர்கிறான். உடம்பு தேறியதும் யார் முகத்திலும் விழிக்கக் கூசி, மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான்.

ஒரு ராத்திரி டெனாரின் வீட்டுக்குள் புக ஆட்கள் வருகிறார்கள். கெட் வைக்கோல் அள்ளும் கவையை எடுத்துக்கொண்டு அவர்களோடு மோதுகிறான். ஒரு காலத்தில் டிராகன்களோடு பேசியவன். கையில் இருப்பது இப்போது ஒரு கவைக்கோல். அதற்குப் பிறகுதான் அவர்கள் சேர்கிறார்கள், இருவருமே இளமையைத் தாண்டிய பிறகு. பெண்ணைத் தொட்டறியாத ஒரு மனிதனின் தயக்கத்தையும், குடும்பம் நடத்திப் பார்த்த ஒரு பெண்ணின் பொறுமையையும் லெ குவின் எவ்வளவு கண்ணியமாக எழுதியிருக்கிறார்! பேரழகு, வீரம், விதி என்று ஒரு அலங்காரமும் அந்த அறையில் இல்லை.

கெட்டின் சக்தியைப் பிடுங்கி அவனை ஆடு மேய்க்க விட்டுவிட்டாரே என்று குறைப்படும் வாசகர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியாது. மந்திரம் இருந்திருந்தால் அவன் அந்த வீட்டு வாசலில் இருந்திருக்கவே மாட்டான். தலைமை மந்திரவாதியாக எங்கோ ஒரு தீவில் உட்கார்ந்திருப்பான்.

இந்த மாதிரி, வயதானவர்களும் ஏற்கெனவே தோற்றவர்களும் காதலிக்கும் பேன்டஸி இன்னும் நிறைய வேண்டும் எனக்கு. கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஒரு கணவன் மனைவி சேர்ந்து ஒரு சாபத்தை எதிர்கொள்ளும் நாவல் ஏன் இத்தனை அபூர்வமாக இருக்கிறது? தமிழிலோ மொழிபெயர்ப்பிலோ நீங்கள் படித்தது இருந்தால் பெயரை எழுதுங்கள். பிடித்த காட்சி எது, ஏன் என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.