87 டிகிரியும் ‘நோர்மல்’ தானாம்!

“ஏசி ரூமில வச்சு விளையாடுங்கோ அண்ணா. 87 எல்லாம் நோர்மல் தான்.”

கேமின் படங்களைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்ட் 87 டிகிரிக்குச் சூடாகிறதே என்று கேட்டதற்கு, அதை விற்ற கடையில் கிடைத்த மறுமொழி இது. ஏசி பூட்டுகிற அளவுக்குக் காசு இருந்திருந்தால் நான் ஏன் தம்பி ஆர்டிஎக்ஸ் 3060 என்ற இந்த நடுத்தரக் கார்டை வாங்குகிறேன்? சரி, கடன்பட்டாவது பூட்டினேன் என்று வையுங்கள். கரண்ட் பில்லை யார் கட்டுவது, நீங்களா?

திருகோணமலையில் இருந்து கேம் விளையாடுகிறவர்களுக்குத்தான் இந்த எரிச்சல் விளங்கும். மே மாதம் பிறந்து கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் வெளியே 35 டிகிரி சர்வசாதாரணம். சீட் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அனல் காற்றைத்தான் கார்டின் ஃபேன்கள் இழுத்து, சூட்டை வெளியேற்றுகிற உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் மேல் ஊதுகின்றன. வெயிலுக்கு உடம்பைக் குளிர்விக்கக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் போய்க் குளிக்கிற கதைதான். போதாததற்கு இந்தக் கார்ட் 170 வாட் வரை குடிக்கும். அவ்வளவும் கடைசியில் வெப்பமாகி என் அறைக்குள்ளேயேதான் வந்து சேர்கிறது.

இதற்கு மேல் யூடியூப் புத்திமதி வேறு. “இந்தக் கார்ட் 68க்கு மேல் போகாது” என்று ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சொல்கிறார். ஐயா, உங்கள் அறை 21 டிகிரி. அறையை விட உங்கள் கார்ட் 47 டிகிரி சூடு. அதே 47ஐ என் அறையின் 36உடன் கூட்டிப் பாருங்கள், 83 வரும். கார்டில் ஒரு பிழையும் இல்லாமலே! இந்தக் கார்டின் சிப்பைச் செய்கிற என்விடியாவின் பல கார்ட்களில் வழக்கமான வெப்ப இலக்கே 83தான். அதைத் தொட்டதும் கார்ட் தானாகவே வேகத்தைக் குறைக்கும், ஃப்ரேம் (செக்கனுக்கு வரைகிற படங்களின் எண்ணிக்கை) விழும், சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் எதிரி வந்து சுடுவான். அறை வெப்பத்தைச் சொல்லாமல் கார்டின் வெப்பத்தை மட்டும் சொல்கிற ரிவ்யூவை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரன் என்ன செய்வது?

கேம் செய்கிறவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. என் மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ், செக்கனுக்கு 60 ஃப்ரேம்தான் காட்டும். ஆனால் ஒன்றுமே நடக்காத மெனு திரையில் கார்ட் நூற்றுக்கணக்கில் ஃப்ரேம் தள்ளிக்கொண்டு அலறுகிறது. யாருக்காக? 2021 ஜூலையில் ‘நியூ வேர்ல்ட்’ கேமின் பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பில், சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்ட்கள் செத்துப்போன கதை நினைவிருக்கும். செத்த கார்ட்களில் சோல்டரிங் பிழை இருந்தது என்று பிறகு சொன்னார்கள், அது வேறு. ஆனால் அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் மெனுவுக்கு ஃப்ரேம் வரம்பு போட்டார்கள். முதலே போட்டால் என்ன குறைந்துவிடும்?

உண்மையில் உதவியது கார்டின் சிப்புக்குப் போகிற வோல்டேஜைக் குறைத்ததுதான். இதைக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளில் எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று காட்டுகிற வளைகோட்டைத் திறந்து, 1800 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை 0.875 வோல்ட்டில் நிறுத்தினேன். சிப் குடிக்கிற மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிற விடயம். அதனால் கொஞ்சம் இறக்கினாலே வாட் நன்றாகக் குறையும். ஃப்ரேமையும் 60இல் பூட்டிவிட்டேன். இப்போது அதே மத்தியானத்தில் 75ஐச் சுற்றி நிற்கிறது, விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாச் சிப்பும் ஒரே மாதிரி இல்லை, உங்களுடையது இந்த அளவில் கிராஷ் ஆனால் ஒரு படி ஏற்றுங்கள். மட்டமான சிப்பும் தேற வேண்டும் என்று கம்பெனிக்காரன் எல்லாக் கார்டுக்கும் சேர்த்தே கூடுதல் வோல்டேஜ் வைத்து அனுப்புகிறான். அந்தச் சூட்டை அனுபவிக்கிறவன் நான்.

அப்புறம் தூசி. யன்னலைச் சாத்தினால் அவியும். திறந்தால் கச்சானோடு மண்ணும், கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்து வரும். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அது ஈரத்தோடு ஒட்டிக்கொண்டால் வெறும் ஊதலுக்கு அசையாது. கழற்றித் துடைத்து, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற பேஸ்டைப் புதிதாகப் பூசலாம் என்றால் ஸ்க்ரூவின் மேல் ஒரு ஸ்டிக்கர். அது கிழிந்தால் வாரண்டி இல்லையாம். தூசி அடைத்தாலும் வாரண்டி இல்லையாம். பிறகு எதற்குத்தான் வாரண்டி என்று கேட்டால், “அது கம்பெனி ரூல்ஸ் அண்ணா” என்று தலையைச் சொறிகிறார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம், இதையெல்லாம் அடைத்து வைக்கிற கம்ப்யூட்டர்ப் பெட்டியான அந்தக் கேசிங் மேல்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே மூன்று கலர் ஃபேன், காற்று நுழைய ஓரத்தில் விரல் நுழையாத ஒரு இடுக்கு. பக்கக் கதவைக் கழற்றி வைத்தாலே வெப்பம் நாலைந்து டிகிரி இறங்குகிறது என்றால் அது என்ன கேசிங்? முன்பக்கம் வலை வைத்தது இருக்கிறதா என்று ஊருக்குள் கடை கடையாகக் கேட்டுவிட்டேன். “அது ஓடாது அண்ணா, லைட் அடிக்கிறதுதான் பெடியள் கேக்கிறாங்கள்” என்கிறார்கள். இந்த வெக்கையில் வலைக் கேசிங் ஒன்றாவது கொண்டுவந்து வையுங்களடா. கண்ணாடிப் பெட்டிகளை மீன் வளர்க்கிறவர்களுக்கு விற்கலாம்.