காய இடம் எங்கே, தம்பி?

'என்னக்கா ஆச்சு' என்று இன்பாக்ஸில் கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'நேச்சுரல் ஆமைத் தொட்டி' என்று பெயர். கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, கலர் கூழாங்கல், பிளாஸ்டிக் தாமரை, பின்னால் அருவி ஸ்டிக்கர். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்லைடர் ஆமை, கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்துத் திரும்புகிறது. அதைப் பார்த்து 'டான்ஸ் ஆடுறான்' என்கிறார் ரீல் போட்ட தம்பி. நான் கேட்டது ஒரே வரி: "அது ஏறிக் காய இடம் எங்கே, தம்பி?" அதற்குத்தான் பொறாமைக்காரி, நெகட்டிவ் ஆன்ட்டி, 'போய்ச் சமையலைப் பாருங்க' எல்லாம். அப்புறம் பிளாக். சமையலை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வத்தக்குழம்பு.

ஸ்லைடர் என்றால் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அது. சொந்த ஊர் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். தண்ணீர் ஆமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அது விழுந்துகிடக்கும் மரத்தின் மேல் ஏறி மணிக்கணக்கில் வெயில் காயும். சோம்பலால் இல்லை. அதற்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு ஏறினால்தான் தின்றது செரிக்கும். வெயிலில் உள்ள யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் பட்டால்தான் தோலில் டி3 வைட்டமின் உண்டாகும், அது இருந்தால்தான் சுண்ணாம்புச்சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். நடுநடுவே ஓடு நன்றாக உலரவும் வேண்டும், இல்லாவிட்டால் அழுகத் தொடங்கும். நீல எல்இடி விளக்கில் யூவிபி கிடையாது. 'ஜன்னலோரம்தான் வெச்சிருக்கேன்' என்பவர்களுக்கு: ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிட்டு, சூட்டை மட்டும் உள்ளே விடும். நம் ஊர் மே மாதத்தில் அதற்குத் தொட்டி என்று பெயரில்லை, குக்கர்.

நான் ஒன்றும் பிறவி ஞானி இல்லை. 2013-இல் சென்னை கொளத்தூருக்கு வளர்ப்பு மீன் வாங்கப் போன இடத்தில் மகன் அடம்பிடித்தான். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய குஞ்சு. (அமெரிக்காவில் 1975-லேயே நான்கு அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்கத் தடை போட்டுவிட்டார்கள், குழந்தைகளுக்கு சால்மோனெல்லா என்கிற கிருமி தொற்றுகிறது என்று. தொட்டால் கையைக் கழுவுங்கள்.) கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதன் நடுவில் ஒரு தீவு, தீவில் பிளாஸ்டிக் தென்னைமரம். 'காஞ்ச இறால் போடுங்க, இவ்ளோதான் வளரும்' என்றார் கடைக்காரர். எடுத்து வந்து டிவி பக்கத்தில் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

எட்டாம் மாதம் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. இறாலை மூக்கருகில் வைத்தாலும் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தபோது கட்டைவிரல் பட்ட இடத்தில் ஓடு அமுங்கி, மெதுவாகத் திரும்பி வந்தது. ஊறின நகம் மாதிரி. தூக்கிக்கொண்டு போன இடத்தில் "ஆமையா?" என்று சிரித்தார்கள். ஒன்பது நாள்தான் இருந்தது. மகன் வாழைமரத்தடியில் புதைத்து, அடையாளத்துக்கு அந்தத் தென்னைமரத்தைப் பிடுங்கி மேலே நட்டான். அது இன்னும் அங்கேயே நிற்கிறது. மக்காதே.

டிவி பக்கத்தில் தீவு இருந்தது, வெயில் இல்லை. அதனால்தான் கேட்டேன், காய இடம் எங்கே என்று.

'என் ஆமை நாலு வருஷமா நல்லாத்தானே இருக்கு?' இருக்கும். ஆமை குரைக்காது, முனகாது. சாவதற்கே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் பிராணி. முப்பது வருடம் வாழக்கூடியது நாலு வருடம் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அந்தப் பெருமை ஆமைக்கு.

'காசு இருக்கிறவங்க பேசலாம்.' இதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. 2017-இல் பெங்களூருக்கு வீடு மாற்றிய பக்கத்து வீட்டுக்காரர்கள் விட்டுப்போன ஆமைதான் எங்கள் குண்டு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்ட் தொட்டி ஒன்று வாங்கி மொட்டைமாடியில் போட்டேன். புது சிமெண்டின் காரம் போக இரண்டு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிட்டேன். பாதிக்குப் பச்சை நிழல்வலை. காக்காவுக்கும் பூனைக்கும் பயந்து கம்பிவலை மூடி. ஒரு பனங்கட்டையைச் சாய்த்து, ஏறும்போது வழுக்காமலிருக்கத் தென்னைநார் மிதியடியை வெட்டிக் கட்டினேன். தண்ணீரில் மிதக்கும் அசோலாச் செடி விட்டேன், ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டான். இப்போது தனி வாளியில் வளர்த்து அள்ளிப் போடுகிறோம். அழுக்குத் தண்ணீர் மல்லிச்செடிக்கு. தம்பியின் விளக்கு, ஸ்டிக்கர் செலவுக்குள் என் மொத்தத் தொட்டியும் முடிந்துவிடும்.

முதல் இரண்டு நாள் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் காலை மேலே இருந்தான். பின்னங்கால் இரண்டையும் பின்னுக்கு நீட்டி, விரல்களை விசிறி மாதிரி விரித்து, கழுத்தை முழுசாக வெளியே போட்டு, கண்ணை மூடியிருந்தான். ஓட்டிலிருந்து ஒரு பழைய தகடு பாதி உரிந்து வெயிலில் கண்ணாடித்தாள் மாதிரி மின்னியது. துணி காயப்போட வந்த நான் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

'மாடி இல்லாதவங்க என்ன செய்ய?' சரி, இது நியாயமான கேள்வி. யூவிபி பல்பு, ஏறிக் காய ஒரு மேடை, நீந்தும் ஆழத்துக்குத் தண்ணீர், நல்ல ஃபில்டர். வாய்க்குள் போகாத பெரிய கல், ஏனென்றால் சின்னதை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். ஓட்டின் நீளத்தில் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. பெண் ஆமை ஒரு அடி வரைகூட வளரும். பெருக்கிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வாங்காதீர்கள்.

'நீ மட்டும் வளர்க்கலாமா?' வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள், கோயில் குளத்தில் விடவா? உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி (வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை ஒடுக்கும்) உயிரினங்கள் பட்டியலில் இருக்கிற ஆமை இது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது. நட்சத்திர ஆமை கிடைக்குமா என்று கேட்ட இருவருக்கும்: அது நம் நாட்டு ஆமை, 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்தால் ஜெயில். என்னிடம் கேட்காதீர்கள்.

குண்டு வந்த அன்று என் மாமியார் 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்றார். இன்றைக்கு அதே தெருவில் வாஸ்து ஆமை, வடக்கு மூலை, பணம் கொட்டும் என்கிறார்கள். ராசி உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. அதற்கு வெயில் வேண்டும் என்று சொல்ல ஒரு கட்சியும் இல்லை. இப்போது காலையில் அசோலா அள்ளிப் போடுவது மாமியார்தான், அது வேறு கதை.

தம்பி திட்டியதுகூடப் பரவாயில்லை, சின்னப் பையன். 'நெகட்டிவ் ஆன்ட்டி'க்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் ஒருவர், தன் ஆமை சாப்பிடவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்தவர். ஒரு மணி நேரம் பேசினேன். அந்த ஆமை இப்போது நன்றாக இருக்கிறதாம். சந்தோஷம்.

தம்பிக்கு யாராவது இதைக் காட்டுங்கள். என்னிடம் ஒரு யூவிபி பல்பு இருக்கிறது, ஆனால் பழசு. அது எரியும், வெளிச்சம் வரும், ஒரு வருடம் போனால் யூவிபி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதனால் புதுசாகவே வாங்கித் தருகிறேன். கூரியர் அனுப்ப முகவரி கேட்க வேண்டும், அதற்காவது பிளாக்கை எடுக்கச் சொல்லுங்கள்.