ஏலம் முடிந்த வீணைக்கு இரண்டாவது ஏலமா?

ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிந்த இணைய ஏலத்தில், ஒரே பலாமரத்தில் குடைந்த பழைய ஏகாந்த வீணை ஒன்று 38,600 ரூபாய்க்கு என் பெயரில் முடிந்தது. முழுப் பணத்தையும் அன்றிரவே கட்டிவிட்டு, மறுநாள் மாலை கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் அதற்கென்று இடம் ஒழித்துக்கொண்டிருந்தபோது, ‘வீட்டுப் பெரியவர்களுக்கு விற்க மனமில்லை, மன்னிக்கவும்’ என்று விற்பவரிடமிருந்து ஒற்றை வரி வந்து சேர்ந்தது. பரம்பரைச் சொத்தாக இருக்கலாம் என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை அதே வீணை, 55,000 ரூபாய் ஆரம்ப விலையோடு மறுபடியும் ஏலத்துக்கு வந்தது! வீணையின் முனையில் செதுக்கிய யாளி முகத்தின் இடது காது நுனி முதல் படத்தில் போலவே உடைந்திருந்தது. கீழே விரித்திருந்த நீலப் பாய்கூட மாறவில்லை. பெரியவர்களின் மனம் மூன்றே நாளில் 16,400 ரூபாய்க்குத் தேறிவிட்டது போலும்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலத்தில், விலை முடிந்த கூடையை ‘எனக்குக் கட்டுப்படியாகவில்லை’ என்று ஒருவர் திரும்ப இழுத்துப் பார்க்கட்டும். அடுத்த நாள் அவர் கூடைக்கு யார் விலை கேட்பார்கள்? கையெழுத்தில்லாத அந்த வாய்ச்சொல்லுக்கு இருக்கிற மதிப்பு, கைபேசித் திரையில் நொடி நொடியாகக் கடிகாரம் ஓடி முடிந்த ஏலத்துக்கு ஏன் இல்லை?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆவது பிரிவில், சுத்தியல் விழுந்தாலோ வழக்கமான வேறு முறையில் முடிவு அறிவிக்கப்பட்டாலோ ஏல விற்பனை முற்றுப்பெறுகிறது என்கிறது. இணையத்தில் அந்தச் சுத்தியல் கடிகாரம்தான் என்பது என் வாதம். விலை போதாதென்று அஞ்சுகிறவர் குறைந்தபட்ச விலையை முன்னரே அறிவித்துக்கொள்ள அதே பிரிவு இடமளிக்கும்போது, அதைச் செய்யாமல் ஏலம் விட்டுவிட்டுப் பிறகு மூக்கால் அழுவது என்ன நியாயம்? ஒப்பந்தப்படி சரக்கைத் தராதவரிடம் இழப்பீடு கேட்க 57ஆவது பிரிவும், குறிப்பிட்ட அந்தப் பொருளையே ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட 58ஆவது பிரிவும் இருக்கின்றன. மூட்டை நெல்லென்றால் வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த யாளியோடு, அந்த நாதத்தோடு இன்னொரு வீணைக்கு நான் எங்கே போவது?

ஏலத் தளத்தைத் தொலைபேசியில் பிடித்தால், “பணம்தான் ஏழு வேலை நாளில் வந்துவிடுமே சார், உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்கிறார்கள். தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறிப்போய், 24 மெட்டுகளையும் மெழுகில் புதிதாகப் பதித்து மேளம் கட்டித்தர ஆசாரியிடம் கொடுத்துவந்த முன்பணம் நஷ்டமில்லையா? ஏலம் எடுத்தவன் பணம் கட்டாவிட்டால் கணக்கை முடக்குவோம் என்று கொட்டை எழுத்தில் மிரட்டுகிற தளம், பொருளைத் தராத விற்பவரின் கணக்கைத் தொடக்கூட மாட்டேன் என்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். புகார் போட்டு ஐந்து நாளாகியும் ஒப்புகைகூட வரவில்லை.

எப்போதோ ஒருமுறை பரண் பொருளை விற்கும் தனிமனிதர் என்றால் நுகர்வோர் சட்டத்தில் அவரைப் பிடிப்பது கடினம், உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. இவரோ அதே தளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வாத்தியங்களை விற்றிருக்கிற வியாபாரி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் தஞ்சாவூர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. ஏல முடிவு, பணம் கட்டிய ரசீது, அந்த ஒற்றை வரி, இரண்டாவது விளம்பரம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு பார்த்தபோது அந்த வீணையை யாரோ 56,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். எந்த ஊர்க்காரரோ, அவரும் வீட்டில் இடம் ஒழித்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.