பழைய பைரெக்ஸ்: எழுத்தைப் பார்த்து வெப்பத்தை நம்பாதீர்கள்

"அடியில் பைரெக்ஸ் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் போரோசிலிகேட் (சூட்டில் குறைவாக விரியும் கண்ணாடி வகை), எந்தச் சூட்டையும் தாங்கும், சின்ன எழுத்து என்றால் போலி." அமெரிக்கப் பழம்பொருள் கடைகளில் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம் தேடுவோரிடையே சுற்றும் இந்தத் தகவல் தவறு.

1915-இல் கார்னிங் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தெளிந்த கண்ணாடி, போரோசிலிகேட்தான். ஆனால் 1940-களில் வந்த மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலக் கிண்ண வரிசை, மேலே வண்ணம் பூசிய, பதப்படுத்திய சோடா-சுண்ணாம்பு (ஜன்னல், பாட்டில் கண்ணாடி வகை) வெண்கண்ணாடி. அதன் அடியிலும் பெரிய எழுத்துதான். சின்ன எழுத்து முத்திரையும் போலியல்ல, கார்னிங்கே பயன்படுத்தியது. கார்னிங் கண்ணாடி அருங்காட்சியக இணையதளத்தில் பைரெக்ஸ் வரலாற்றைப் பார்க்கலாம்.

தெளிந்த பாத்திரமா? ஒரு தட்டில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி, விளிம்பை அதில் முக்குங்கள். எண்ணெயும் போரோசிலிகேட்டும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் போரோசிலிகேட் விளிம்பு கண்ணுக்கு மங்கிப்போகும்; சோடா-சுண்ணாம்பு தெளிவாகத் தெரியும். வண்ணக் கிண்ணங்களுக்கு இது பலிக்காது.

சூட்டில் சோடா-சுண்ணாம்பு, போரோசிலிகேட்டைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாக விரியும். ஆகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கலாம். போரோசிலிகேட்டும் அடுப்புத் தீயில் வைப்பதற்கல்ல. வாங்கும்முன் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள். தட்டுப்பட்டால் அது சில்லு. அந்தப் பாத்திரம் அலமாரிக்கு மட்டும், ஓவனுக்கு வேண்டாம்.

பெரிய எழுத்தை நம்பி யாராவது குளிர்ந்த பாத்திரத்தை நேரே சூட்டில் வைக்கக்கூடும். தயவுசெய்து அந்தத் தகவலை இனிப் பகிராதீர்கள்.